உடம்புக்குள் போன பாதரசம்

இம்மாதம் பாதரசத்தைப் பற்றிக் கதைப்போம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியின் நுனியில் வெள்ளிபோலப் பளபளக்கிறதே, அதுதான். உலோகம், ஆனால் தண்ணீர்போல ஓடும். ஒரு லீற்றர் போத்தலில் நிரப்பினால் பதின்மூன்றரைக் கிலோ நிறுக்கும். வெப்பமானி கைதவறி உடைந்தால் முத்துமுத்தாக உருண்டு ஓடும். பிள்ளைகள் அதைத் துரத்திப் பிடித்து விளையாடுவார்கள்.

வாகரைப் பக்கத்துக் கிராமங்களில் தாய்மாரோடு கதைக்கும்போது பாதரசம் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "பிள்ளை வெப்பமானியைக் கடித்து விழுங்கிப் போட்டுது மிஸ், என்ன செய்யும்?" என்பதுதான். ஆனால் அண்மையில் ஒரு தாய் வேறுவிதமாகக் கேட்டார். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. இரசமணி கட்டினால் உடம்புக்குப் பலம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியிலும் எதையோ பார்த்திருக்கிறான். "இடுப்பில கட்டினாலே பலம் எண்டா, ஊசியால உள்ளுக்குப் போட்டா இன்னும் பலம் வரும்தானே அம்மா" என்று கேட்டானாம். தாய்க்குப் பயம் பிடித்துவிட்டது. நல்ல வேளையாக அவன் கேட்டான். கேட்காமலே செய்த பிள்ளைகள் உலகத்தில் இருக்கிறார்கள்.

முதலில் அந்த விழுங்கிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உலோகப் பாதரசத்தைச் சிறிதளவு விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது. மலத்தோடு வெளியே போய்விடும். கண்ணாடித் துண்டு வாயையோ தொண்டையையோ வெட்டியிருக்கிறதா என்றுதான் அங்கே பார்க்க வேண்டும். ஆவியாகச் சுவாசித்தால் கதை வேறு. மூச்சோடு உள்ளே போகும் பாதரச ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். ஊசியால் தோலுக்குக் கீழோ இரத்தக் குழாய்க்குள்ளோ போனால் அது இன்னொரு கதை. விழுங்கியது வெளியே போக ஒரு வழி இருக்கிறது. ஊசியால் போனதற்கு அந்த வழி இல்லை.

இந்த இடத்தில் எங்கட ஊர் ஆட்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், அது நியாயமான கேள்விதான். 2006 இன் கடைசியிலும் 2007 தை மாதத்திலும் நடந்த சண்டையிலும் அதற்கு முந்திய காலங்களிலும் உடம்பில் செல் துண்டு ஏறியவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். "எடுத்தால் ஆபத்து, அப்படியே கிடக்கட்டும்" என்று வைத்தியர்கள் விட்ட துண்டுகளோடு வருடக்கணக்காக மீன்பிடித்து, விறகு வெட்டி, பிள்ளை வளர்த்துச் சீவிக்கிறார்கள். அப்படியானால் பாதரசமும் ஓர் உலோகம்தானே, அதுவும் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே?

செல் துண்டு திடப்பொருள். உடம்பு அதைச் சுற்றித் தழும்புச் சதையால் ஒரு கூடு கட்டி அடைத்து வைத்துவிடும். அநேகமாக அது நகராது. பாதரசம் அப்படி அடங்கிக் கிடப்பதில்லை. ஒரு துளி பத்தாகும், பத்து நூறாகும். பாரம் காரணமாகச் சதையிடுக்குகளில் கீழ்நோக்கி இறங்கும். ஒரு பகுதி மெதுவாக இரசாயன மாற்றம் அடைந்து, கரையக்கூடிய உப்பாகி இரத்தத்தில் கலக்கும். இன்று ஒரு வேதனையும் இல்லாதவருக்கு ஆறு மாதம் கழித்து வரலாம்.

தோலுக்குக் கீழே போனால் நடப்பதைச் சொல்கிறேன். முதல் சில நாட்களில் அந்த இடம் சிவந்து வீங்கி நோகும். கட்டிபோலத் திரண்டு சீழ் வைக்கும். கிருமி இல்லாமலே சீழ் வைக்கும் என்பதால் கிருமிக்குக் கொடுக்கும் மாத்திரை எத்தனை போட்டாலும் ஆறாது. பிறகு உடைந்து புண்ணாகும். புண் மூடும், திரும்ப உடையும். அல்லது கல்லுப்போன்ற முடிச்சாக நின்றுவிடும். சாதாரண கட்டி என்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டு, ஒத்தடம் கொடுத்து, அமுக்கிப் பிதுக்கி மாதங்கள் போய்விடும். பிதுக்கும்போது துளிகள் இன்னும் உள்ளே பரவுகின்றன என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இப்படித்தான் நடந்தது. வைத்தியர்கள் அதை மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள். முன்னங்கையில் ஆறாத புண்கள். முதலில் அவன் எதையும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. 'எக்ஸ்-மென்' படத்தில் உடம்புக்குள் உலோகம் ஏற்றப்பட்டு வீரனாகும் 'வுல்வரின்' என்ற பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, கருவிகளிலிருந்து பாதரசத்தை எடுத்துத் தானே ஊசியால் ஏற்றியிருக்கிறான். அதற்கு முன்னர் 'ஸ்பைடர்மான்' ஆகலாம் என்று சிலந்திகளையும் கடிக்க விட்டிருக்கிறான். சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பலசாலியாக வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்பது ஆண்பிள்ளை வளர்த்த தாய்க்குத் தெரியும். அந்தப் புண்களை வெட்டி எடுத்துத்தான் சுகப்படுத்தினார்கள்.

இரத்தக் குழாய்க்குள் போனால் துளிகள் இரத்தத்தோடு ஓடி இருதயத்தின் வலது பக்கத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் அடைக்கும். இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, காய்ச்சல், சளியில் இரத்தம் எல்லாம் வரலாம். எக்ஸ்றே படத்தில் நுரையீரல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் மரக்கிளைபோலப் பரந்து தெரியும். சிலருக்கு இருதயத்தின் அடியிலும் ஒரு வெள்ளைத் திட்டுத் தெரியும். வேறு எந்த நோயிலும் இப்படி ஒரு படத்தைப் பார்ப்பது அரிது.

2000 ஆம் ஆண்டு யூன் மாதம் ஓர் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் அப்படியொரு படம் வெளிவந்தது. பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்த 21 வயதுப் பெண்ணுடைய படம் அது. மனம் உடைந்த ஒரு வேளையில் செய்துகொண்டது. அவர் உயிர் தப்பினார். ஒன்பது மாதம் மருந்து கொடுத்தார்கள். பத்து மாதம் கழித்து எடுத்த படத்திலும் அதே வெள்ளைப் புள்ளிகள் நுரையீரலில் இருந்தன. இருமல் மட்டும் போயிருந்தது. இவருக்கு அந்தளவோடு நின்றது. எல்லோருக்கும் அப்படி நிற்பதில்லை. யாருக்கு நிற்கும், யாருக்கு நிற்காது என்று எந்த வைத்தியராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நிற்காவிட்டால் முதலில் அடிபடுவது அநேகமாகச் சிறுநீரகம். சிறுநீரில் புரதம் போகும், முகமும் காலும் வீங்கும், முற்றினால் இரத்தச் சுத்திகரிப்பு வரைக்கும் போகும். அடுத்தது நரம்பு. கைநடுக்கம், நித்திரையின்மை, மறதி, காரணமில்லாத கோபம், ஆட்களைக் காணக் கூச்சம். முரசு வீங்கி இரத்தம் கசியும், வாயில் இரும்புச் சுவை தெரியும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் யாருக்கும் பாதரசம் ஞாபகம் வராது. "அவளுக்கு விசர் பிடிச்சிட்டு", "யாரோ செய்வினை செய்து போட்டாங்க" என்று ஊர் சொல்லும்.

(சிறுநீரகம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பாதரசம் உள்ளே போக ஊசியே தேவையில்லை. கேரளத்தின் கோட்டக்கலில் 2021 யூலைக்கும் 2023 செப்ரெம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் தோலை வெளுப்பாக்கும் கிறீம் பூசியவர்கள். பெயர்தெரியாத கிறீம் டப்பாக்கள் எங்கட கடைகளுக்கும் வருகின்றன. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பூசத் தொடங்கும் தங்கச்சிமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.)

இனி, இந்தப் பக்கத்தை எழுத வைத்த செய்திக்கு வருகிறேன். 2025 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் இந்தியாவின் பெங்களூரில் ஓர் இளம் தாய் இறந்துபோனார். இறப்பதற்கு முன்னர் அவர் கொடுத்த வாக்குமூலம் பத்திரிகைகளில் வந்தது. அந்த வருடம் மாசி மாதம் சிவராத்திரி நேரத்தில் வீட்டில் தான் உணர்விழந்ததாகவும், விழித்தபோது தொடையில் தாங்கமுடியாத நோ இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்துத்தான் வைத்தியசாலைக்குப் போக முடிந்தது. பரிசோதித்தபோது உடம்பில் பாதரசம் இருப்பது தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். ஆனால் நஞ்சு சிறுநீரகம் உட்பட உறுப்புகளைப் பிடித்துவிட்டது. ஒன்பது மாதம் வைத்தியசாலைகளில் இருந்து போராடி இறந்தார். கணவனே ஊசியால் ஏற்றினார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பொலிஸ் வழக்குப் பதிந்தது. செய்தது யார் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

நான் யோசித்தது வேறு. "எனக்கு என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது, ஆனால் என் தொடையில் என்னவோ செய்திருக்கிறார்கள்" என்று ஒரு பெண் வந்து சொன்னால் எங்களில் எத்தனை பேர் நம்புவோம்? மாமியார் நம்புவாரா? சொந்தத் தாய்கூட "புருஷன் பெண்சாதி சண்டையைப் பெரிசாக்காதே புள்ள" என்றுதான் சொல்வார். இந்த விடயத்தில் பாதரசமே சாட்சி சொல்கிறது. ஒரு எக்ஸ்றே போதும். உலோகம் என்பதால் வெள்ளை வெளேரென்று தெரியும். இரத்தத்திலும் சிறுநீரிலும் அளவு பார்க்கலாம். ஆகவே நினைவில்லாத நேரத்தில் ஊசி ஏறியதாகச் சந்தேகம் இருந்தால், காரணம் தெரியாத ஊசிக்குத்து அடையாளமும் வீக்கமும் இருந்தால், வெட்கப்படாமல் வைத்தியரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அந்த இடத்தைப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து எழுதும் அறிக்கை பின்னர் மிகவும் உதவும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, அதற்குக் காசு இல்லை.

ஆட்கள் ஏன் தாங்களாகவே இதைச் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இலத்தீன் அமெரிக்க, கரீபியன் மக்களிடையே பாதரசம் கெட்டதை விரட்டும் என்ற நம்பிக்கை உண்டு. வீட்டில் தெளிப்பார்கள், சிறு குப்பியில் அடைத்து அணிவார்கள். குத்துக்குப் பலம் வரும் என்று ஊசியாக ஏற்றிய குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி மருத்துவ நூல்களில் இருக்கிறது. எங்களிடம் இரசமணி இருக்கிறது. சித்த மருத்துவத்தில் பாதரசத்துக்குப் பெரிய இடம் உண்டு, அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்த மருத்துவத்தைத் திருகோணமலை வளாகத்தில் முறையாகப் படித்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பச்சைப் பாதரசத்தை அப்படியே கொடு என்று அவர்களும் சொல்லமாட்டார்கள். சுத்தி செய்வது, கந்தகத்தோடு சேர்த்து வேறொரு பொருளாக்குவது என்று எத்தனையோ படிகள் அங்கே இருக்கின்றன. அதற்குப் பிறகும் அளவும் கண்காணிப்பும் வேண்டும். வெப்பமானியை உடைத்து எடுத்த துளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆங்கில மருத்துவமும் சும்மா இருக்கவில்லை. கிரந்தி நோய்க்குப் பாதரச உப்புகளைப் பல காலம் ஊசியாகப் போட்டார்கள். பெனிசிலின் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. இரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்க எடுக்கும் ஊசிக்குழலில் காற்றுப் புகாமலிருக்கப் பாதரசம் விட்டு வைத்த காலமும் உண்டு. அதிலிருந்து தவறுதலாக நோயாளியின் இரத்தத்துக்குள் போன சம்பவங்கள் 1960களின் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

உயிரை விட நினைத்து இதைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. அந்த நினைவு வந்துபோகிற ஒருத்தி இதை வாசித்துக்கொண்டிருந்தால், 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள் தங்கச்சி. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். அல்லது பக்கத்து வீட்டு அக்காவிடமாவது போய் இருங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்திருந்தால், அது எத்தனை மாதத்துக்கு முன்னர் என்றாலும், வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயப்பட வேண்டாம். சொன்னால்தான் சரியான சிகிச்சை தொடங்கும்.

சிகிச்சை என்றால் என்ன? தோலுக்குக் கீழே இருந்தால், எவ்வளவு விரைவாக வெட்டி எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. எடுத்த பிறகு திரும்பப் படம் பிடித்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் அவை இரத்தத்தில் கரைந்த பாதரசத்தைத்தான் பிடிக்கும். உருண்டையாகக் கிடக்கும் துளியை அசைக்க அவற்றால் முடியாது. நுரையீரலில் பரவியதை வெட்டி எடுக்கவும் முடியாது. அதனால்தான் துளி தோலுக்குக் கீழே நிற்கும்போதே போகச் சொல்கிறேன். எந்த வைத்தியசாலைக்கு முதலில் போனாலும், அங்கிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையத்தை வைத்தியர்களே தொடர்புகொண்டு ஆலோசனை கேட்பார்கள்.

வீட்டில் நடக்கக்கூடியது உடைந்த வெப்பமானிக் கண்ணாடி கையில் ஏறுவது. தாதிமாருக்கும் இது நடந்திருக்கிறது. அப்படி ஏறினால் அமுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, துணியால் மெதுவாகச் சுற்றி, உடைந்த துண்டையும் ஒரு போத்தலில் போட்டு எடுத்துக்கொண்டு எக்ஸ்றே வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். வாகரையிலிருந்து வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ போவது ஒரு நாள் கூலியை விழுங்கும் என்பது எனக்குத் தெரியும். இதற்குப் போங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு மீன் சாப்பிடுவதை நிறுத்திவிடாதீர்கள். மீனில் இருக்கும் பாதரசம் வேறு வடிவம். பெரிய மீனைத் தின்று வளரும் சுறா போன்றவற்றில்தான் அது அதிகம் சேரும். பிள்ளைத்தாய்ச்சிகள் அவற்றைக் குறைத்து, சூடை, கீரி, நெத்தலி என்று தாராளமாகச் சாப்பிடலாம்.

பாதரசப் பாவனையைக் குறைக்க 2013 இல் உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கையைச் செய்தன. அது 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் இலங்கையும் சேர்ந்தது. பாதரச வெப்பமானி, பிறஷர் கருவி ஆகியவற்றின் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2020 உடன் நிறுத்துவது அதில் உள்ள ஓர் ஏற்பாடு. ஆனாலும் பழையவை அலுமாரிகளில் இருக்கின்றன. ஒரு வெப்பமானியில் ஒரு கிராம் அளவுதான் பாதரசம். பழைய பிறஷர் கருவி ஒன்றில் நூறு கிராமுக்குக் கிட்ட இருக்கும். அதைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுத்த வீட்டையும் கண்டிருக்கிறேன்.

தரையில் சிந்தினால் பிள்ளைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வெளியே அனுப்புங்கள். கதவு யன்னலைத் திறவுங்கள். விளக்குமாற்றால் கூட்ட வேண்டாம், துளி இன்னும் சிதறும். கைக்கு ஒரு பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தடித்த மட்டை இரண்டால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள போத்தலில் இடுங்கள். மிச்சத்தை ஒட்டும் ரேப்பால் ஒற்றி எடுத்து, அதையும் போத்தலுக்குள் போடுங்கள். கிணற்றடியிலோ களப்பிலோ ஊற்றக்கூடாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்துவிடுங்கள்.

குனிவதற்கு முன்னர் மோதிரம், காப்பு, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தங்கத்தில் பாதரசம் பட்டால் உடனே பிடித்துக்கொண்டு வெள்ளையாகிவிடும். அப்படி வெளுத்துப்போன நகையை நெருப்பில் காட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் புகை ஒரு வீட்டையே படுக்க வைக்கும்.